சொப்பனசுந்தரி வண்டிக்கு ஆர்சி இருக்குதுங்களா?

1964-ல் ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தில் ஜேம்ஸ் பாண்ட் ஓட்டிய ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 காரை, அந்தக் கம்பெனியே 2020-ல் மறுபடி செய்து விற்றது. மொத்தம் 25 வண்டி. சுழலும் நம்பர் பிளேட், பின்பக்கம் புகைத்திரை, முன்பக்கம் பொய்த் துப்பாக்கி எல்லாம் உண்டு. வரி நீங்கலாக விலை 27.5 லட்சம் பவுண்டு, நம் காசில் 25 கோடிக்கு மேல். ஒரே ஒரு சின்னக் குறைதான்: அதை ரோட்டில் ஓட்டக்கூடாது.

இதை அவிநாசி டீக்கடை எதிலாவது சொல்லிப் பாருங்கள். “ரோட்டுல ஓட்டக்கூடாதுன்னா அப்புறம் எதுக்குங்க நாலு சக்கரம்?” என்பார்கள். அடுத்த கேள்வி, “பின்னாடி எத்தனை பண்டல் போகுமுங்க?” பனியன் சீமையில் ஒரு காரைப் பார்த்ததும் வருவது இந்த இரண்டு கேள்விகள்தான். இவற்றுக்குப் பதில் சொல்ல முடியாமல் முழித்த சினிமாக் கார்களின் சரித்திரத்தை யாராவது எழுதியாக வேண்டும். கோடம்பாக்கம் எழுதாது. அதற்கு இன்னும் கார் பறந்துகொண்டிருக்கிறது.

சரித்திரம் என்றால் ராஜாவிலிருந்துதான் தொடங்க வேண்டும். கோயமுத்தூரில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜாவும் கொடிகட்டிப் பறந்த காலத்தில் ஹீரோவுக்குக் காரே கிடையாது. 1947-ல் ‘ராஜகுமாரி’, 1954-ல் ‘மலைக்கள்ளன்’ என்று எம்.ஜி.ஆர். இங்கே வந்து நடித்துவிட்டுப் போனதெல்லாம் வாளும் குதிரையுமான காலம். குதிரைக்கு ஆர்சி இல்லை, எஃப்சி இல்லை, பெட்ரோல் இல்லை. ஓட்டத் தெரியாவிட்டாலும் குளோசப்பில் குதிரையைக் காட்ட வேண்டியதில்லை. தயாரிப்பாளர்களின் பொற்காலம் அது.

அப்போது உண்மையான கார் கதை ஸ்டூடியோவுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே தானே ஓட்டிய ஜி.டி. நாயுடு, 1952-ல் இரண்டு பேர் போகிற பெட்ரோல் கார் ஒன்றைச் செய்து, விலை 2,000 ரூபாய் என்றார். மேல்நாட்டுப் படமாக இருந்தால் இந்த இடத்தில் ஹீரோ வண்டியில் ஏறிச் சூரியனை நோக்கிப் போவார். நம் படத்தில் இந்த இடத்தில் ஒரு குமாஸ்தா வருவார். லைசென்ஸ் கிடைக்கவில்லை, கார் அத்தோடு நின்றது. டெல்லி லைசென்ஸ் தரவில்லை. 73 வருஷம் கழித்து, 2025 அக்டோபரில், சென்னை அவர் பேரில் ஒரு பாலம் தந்தது. கோயமுத்தூர் அவிநாசி ரோட்டின் மேலே 10.1 கிலோமீட்டர். அதில் ஓடுகிற கார் எதுவும் நாயுடு செய்ததில்லை.

அந்த லைசென்ஸ் புண்ணியத்தில் நாட்டில் மொத்தம் மூன்று கார்தான் மிச்சம். கல்கத்தா பக்கத்து உத்தரபாராவில் அம்பாசடர், பம்பாய் குர்லாவில் ஃபியட், நம் வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1960-களின் சமூகப் படங்களுக்கு இதனால் ஒரு வினோதமான சங்கடம். ஹீரோவுக்கு அம்பாசடர், வில்லனுக்கும் அம்பாசடர், இரண்டு பேரையும் பிடிக்க வருகிற போலீசுக்கும் அம்பாசடர். துரத்தல் காட்சியில் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று பின்னணி இசையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1966-ல் ‘வல்லவன் ஒருவன்’ எடுத்து ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் ஆக்கியது. லண்டன் பாண்ட் பட்டனைத் தட்டினால் பக்கத்து சீட் கூரையைப் பிய்த்துக்கொண்டு பறக்கும். நம் ஊர் வண்டியிலும் சீட் கழன்றுவரும், பட்டன்தான் தேவைப்படாது.

ஹெரால்டு 1961-ல் வந்தபோது இரண்டே கதவு. காதலர்களுக்கு அது போதும். கல்யாணம் முடிந்த பிறகு பின் சீட்டில் ஆத்தாவை ஏற்றுவதற்கு முன் சீட்டை மடக்கி, தலையைக் குனியச் சொல்லி, சேலையை ஒதுக்கி, கடைசியில் மருமகளைப் பின்னால் போட்டுவிட்டு ஆத்தா முன்னால் உட்கார்ந்துகொள்ளும். கொங்கு நாட்டில் கூட்டுக் குடும்பம் எப்படி நிலைத்தது என்று ஆராய்கிறவர்கள் இந்தக் கதவுப் பிரச்சினையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பணக்காரன் என்று காட்டத்தான் இம்பாலா. நீளம், வால் ரெக்கை, பளபளப்பு. அதையும் எம்.ஆர். ராதா ஒரு கை பார்த்தார். அவர் தன்னுடைய இம்பாலாவில் மாட்டுக்கு வைக்கோல் ஏற்றினார் என்பது கோடம்பாக்கம் சலிக்காமல் சொல்லும் கதை. நடந்ததோ இல்லையோ, எனக்குத் தெரிந்து சினிமாக்காரர்களில் அவிநாசி புத்தியோடு கார் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். எம்.ஜி.ஆர். முதலமைச்சரான பிறகும் ஏறி இறங்கியது அம்பாசடரில்; 4777 என்ற அந்த வண்டி தி.நகர் நினைவில்லத்தில் இப்போதும் நிற்கிறது. இங்கிருந்து போகிற ஆள் தலைவரைக் கும்பிட்ட கையோடு குனிந்து வண்டியின் அடிப்பக்கம் துரு இருக்கிறதா என்று பார்ப்பார். பழக்க தோஷம்.

பிறகு 1985 தீபாவளிக்கு ‘படிக்காதவன்’. ரஜினி ஒரு டாக்ஸி டிரைவர், டாக்ஸிக்குப் பேர் லட்சுமி, பிரீமியர் பத்மினி இனம். ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஹீரோ அதோடு பேசுவார். ரசிகர்கள் இதைப் பாசம் என்றார்கள். பத்மினி வைத்திருந்தவர்கள் இதைச் செவ்வாய்க்கிழமை என்றார்கள். ஸ்டீயரிங்கோடு ஒட்டிய கியர், 1,089 சிசி, ஈரக்காற்று பட்டாலே மூக்கடைப்பு. பேசாமல் யாராலும் அந்த வண்டியை ஓட்ட முடியாது. ரஜினி பேசியது ‘யூ’ சர்டிபிகேட் பேச்சு, மற்றவர்கள் பேசியதை சென்சார் விட்டிருக்காது. இதில் இன்னொரு கூத்து, படம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1983 டிசம்பரில், 47,500 ரூபாய்க்கு மாருதி 800 வந்து, பேசத் தேவையில்லாத கார் என்ற ஒன்றும் உலகத்தில் உண்டு என்று நாட்டுக்குக் காட்டிவிட்டது. லட்சுமியை நம் ஹீரோ திரையில் கொஞ்சிக்கொண்டிருந்தபோது, வெளியே ஜனம் மாருதிக்கு வரிசையில் நின்றது.

ஆனால் தமிழில் வந்த ஒரே உண்மையான கார் படம் ‘கரகாட்டக்காரன்’தான். 1989 ஜூனில் வந்து மதுரையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய படம். எல்லோரும் அதை இளையராஜா படம் என்கிறார்கள், கரகப் படம் என்கிறார்கள். பழைய கார் வாங்கப் போகிறவனுக்கு அது பாடப் புத்தகம். ஆட்டக்காரக் குழு ஒரு பெரிய பழைய காரோடு ஊர் ஊராகப் போகிறது. போகிறது என்றால், தள்ளப்படுகிறது. உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து போன நம் கவுண்டமணி, கார் வைத்திருக்கிற கெத்தோடு வருகிறார். வழியில் வருகிறவன் போகிறவனெல்லாம் இது சொப்பனசுந்தரி வைத்திருந்த கார்தானே என்று கேட்கிறான். கடைசியில் செந்தில் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்: காரை இவர்கள் வைத்திருக்கிறார்கள் சரி, அந்தச் சொப்பனசுந்தரியை இப்போது யார் வைத்திருக்கிறார்கள்? அதற்குப் பிறகு விழுந்த அடி தமிழ்நாடு அறிந்தது.

சிரித்து முடித்துவிட்டு யோசித்தால், அந்தக் காலத்தில் அப்படியொரு காரைச் சொந்தமாக வைத்திருந்த ஒரு பெண்பிள்ளையைப் பற்றி ஊர் முழுக்க விசாரிக்கிறது. கார் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஒருத்தரும் விசாரிக்கவில்லை. படத்தில் ஒரு ஃபிரேமில்கூட வராத அந்தம்மாதான் விவரமான ஆள். தொந்தரவு பிடித்த வண்டியைச் சரியான நேரத்தில், சரியான தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

அவிநாசி வட்டாரத்தில் செகண்ட்ஸ் வண்டி வாங்குவது இந்தக் காட்சியின் தொடர்ச்சிதான். புரோக்கர் முன்னால் நிற்பார், வாங்குகிறவர் வண்டியைச் சுற்றி வருவார், கூட ஒரு மெக்கானிக் மாப்பிள்ளை பேசாமல் நிற்பார்.

“எத்தனாவது ஓனருங்ண்ணா?”

“ரெண்டாவதுங்க. மொதல்ல ஒரு டாக்டரம்மா வெச்சிருந்தாங்க. ஆஸ்பத்திரி, ஊடு, ஆஸ்பத்திரி. அவ்ளோதானுங்க ஓட்டம்.”

புரோக்கர்கள் சொல்கிற டாக்டர்களையெல்லாம் எண்ணினால் இந்த வட்டாரத்தில் தறியைவிட டாக்டர் அதிகம் இருக்க வேண்டும். வாங்குகிறவர் தலையை ஆட்டிக்கொண்டே பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தை எடுத்துக் கதவின் கீழ் விளிம்பில் வைப்பார். ஒட்டினால் தகரம், விழுந்தால் பட்டி. பானெட்டில் கை வைப்பார். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே யாரோ ஸ்டார்ட் பண்ணிச் சமாதானப்படுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆயில் மூடியைத் திறந்து புகை வருகிறதா என்று மெக்கானிக் மாப்பிள்ளை எட்டிப் பார்ப்பார்.

இதெல்லாம் எந்த ஊரிலும் உண்டு. பனியன் ஊருக்கென்று ஒரு பரீட்சை தனியாக இருக்கிறது. பின் சீட்டைத் தூக்கி, அடியில் விரலை விட்டுத் துழாவுவார்கள். விரலில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தால் டாக்டரம்மா கதை அங்கேயே முடிந்தது. சிவப்புப் பஞ்சு என்றால் கிறிஸ்துமஸ் ஆர்டருக்கு ஓடிய வண்டி. கலர் கலராக வந்தால் சாயப்பட்டறைக்கும் கட்டிங்குக்கும் செக்கிங்குக்கும் வருஷக்கணக்கில் அடித்த வண்டி.

“டாக்டரம்மா கைத்தொழிலா காஜா எடுத்தாங்களாக்கும்?”

இதற்குப் புரோக்கர் சிரிப்பார். விலையில் பத்தாயிரம் குறையும். செந்தில் கேட்ட கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆர்சி புக்கில் அதற்குக் கட்டம் இல்லை.

வில்லன்களுக்கு 1984-ல்தான் விடிவு வந்தது. கான்டெஸா. நீண்ட மூக்கு, அகன்ற டிக்கி, கறுப்புக் கண்ணாடி போட்ட நாலு அடியாள் தாராளமாக உட்காரலாம். பார்க்க அமெரிக்க மாஃபியா. ஆனால் முதலில் வந்த கான்டெஸாவுக்குள் இந்துஸ்தான் மோட்டார்ஸ் வைத்தது தங்கள் அம்பாசடரின் அதே 1,489 சிசி இன்ஜினை. அந்தக் காலப் படங்களில் வில்லன் காரில் துரத்த, ஹீரோ ஓடியே தப்பிப்பதை விமர்சகர்கள் லாஜிக் மீறல் என்று எழுதினார்கள். எனக்கு அதில் ஒரு மீறலும் தெரியவில்லை. பின்னால் இசுசு இன்ஜின் வந்து கான்டெஸாவுக்கு உயிர் கொடுத்தது. அதற்குள் ஹீரோக்கள் சுவிட்சர்லாந்து போய்விட்டார்கள்.

அதே 1984-ல் வந்தது மாருதி வேன், பின்னாளில் ஆம்னி. தமிழ் சினிமாவில் எந்த வண்டிக்கும் இவ்வளவு கெட்ட பேர் கிடையாது. காலேஜ் வாசலில் வெள்ளை ஆம்னி வந்து நின்றால் தியேட்டரே பதறும். இழுக்கிற கதவு, ஒரு கை, ஒரு அலறல், புழுதி. உண்மையில் அது 796 சிசி, மூன்று சிலிண்டர், இன்ஜின் டிரைவர் சீட்டுக்கு அடியில். சித்திரை வெயிலில் கோயமுத்தூருக்கு ஓட்டிப்போய்விட்டு இறங்கியவருக்கு யாரையும் கடத்துகிற எண்ணமே வராது, உட்காரவும் முடியாது.

அவிநாசியில் அதே இழுக்கிற கதவைத் திறந்து ஏற்றியது பண்டல். ஆம்னி வாங்கிய அன்றைக்கே பின் சீட்டைக் கழற்றி வீட்டு மொட்டை மாடிக்கோ திண்ணைக்கோ அனுப்பிவிடுவார்கள். அதில் அப்புச்சி உட்கார்ந்து பேப்பர் படிப்பார். காலி இடத்தில் கட்பீஸ், கோன், பேக்கிங் அட்டைப்பெட்டி. எக்ஸ்போர்ட் சூடு பிடித்த வருஷங்களில், கப்பலுக்கு நாள் நெருங்க நெருங்க, ராத்திரி இரண்டு மணிக்கு வெள்ளை ஆம்னி ஒன்று தெருவில் தலைதெறிக்கப் போனால் உள்ளே கதறிக்கொண்டிருந்தது ஹீரோயின் இல்லை, மெர்ச்சண்டைசர். 2005-ல் டாடா ஏஸ் என்கிற குட்டியானை வந்த பிறகுதான் ஆம்னிக்கு முதுகு நிமிர்ந்தது. 2019-ல் உற்பத்தி நின்றபோது சினிமா நிருபர்கள் கடத்தல் வண்டிக்கு அஞ்சலி எழுதினார்கள். ஒரு பனியன் முதலாளிகூட ஒரு வரி எழுதவில்லை, நன்றி கெட்ட உலகம்.

சுமோ கதை வேறு. 1994-ல் வந்த டாடா சுமோவுக்கு 2000-க்குப் பிறகு ஆந்திரத்தில் இறக்கை முளைத்தது. அப்படியே எல்லை தாண்டி மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் வந்தது. வரிசையாகப் பத்து சுமோ, பத்திலும் அரிவாள், ஹீரோ காலால் தரையை உதைத்தால் முதல் சுமோ ஆகாயத்தில். வாங்குகிறவன் கண்ணில் பட்டது வேறு: பத்து வண்டிக்கும் மாதத் தவணை யார் கட்டுகிறார்கள்? நம் பக்கத்தில் ஒரு சுமோ எடுத்து டூர் ஓட்டியவர்களுக்கே நாக்குத் தள்ளியது. இரண்டு தவணை தவறினால் வண்டியைத் தூக்க வருகிற ஆட்களுக்கு முன்னால் அந்த அரிவாள் கூட்டம் எல்லாம் சும்மா.

பறிபோனதைத் திருப்பி வாங்குகிற விஷயத்தில் அவிநாசிக்கு ஒரு பழைய பெருமை உண்டு. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட தலம் இது. முதலையும் யோக்கியமான முதலை. விழுங்கியபோது இருந்த குழந்தையாக இல்லாமல், இடைப்பட்ட வருஷங்களின் வளர்ச்சியையும் சேர்த்துத் திருப்பித் தந்தது. பைனான்ஸில் போன வண்டியை அப்படித் திருப்பித் தந்த கம்பெனி கிடையாது. யார்டில் போய்ப் பார்த்தால் ஸ்டெப்னியும் இருக்காது, டேப் ரெக்கார்டரும் இருக்காது. எந்தப் பதிகமும் பலிக்காது.

1999-ல் ‘படையப்பா’ நீலாம்பரிக்கு ஒரு சிவப்புத் திமிரும், டொயோட்டா சேரா என்ற காரும் கொடுத்தது. டைரக்டர் கே.எஸ். ரவிகுமார் சொந்தமாக வாங்கிய வண்டி என்பார்கள். கதவு பக்கவாட்டில் திறக்காது, பறவை ரெக்கையாக மேலே எழும்பும். கூரை முக்கால்வாசி கண்ணாடி. 1990 முதல் 1995 வரை ஜப்பானுக்காக மட்டும் 16,000-க்குக் கொஞ்சம் குறைவாகச் செய்தார்கள். ஜப்பானில் பனி பெய்யும். பங்குனியில் நம் பைபாஸில் கண்ணாடிக் கூரைக்கு அடியில் உட்கார்ந்திருந்தால் நீலாம்பரிக்கு வந்த கோபம் படையப்பா மேல் வந்ததல்ல என்பது விளங்கும்.

2010-ல் ‘பையா’. சூலூர்ப் பக்கத்து சிவகுமார் வீட்டுப் பையன் கார்த்தி, கறுப்பு லான்சர் சீடியா, பக்கத்தில் தமன்னா, பெங்களூரிலிருந்து பம்பாய்க்கு. படம் பார்த்த இளவட்டம் அத்தனை பேருக்கும் லான்சர் பைத்தியம். அப்பாக்கள் விசாரித்துவிட்டு வந்து சொன்ன தகவல் இளவட்டத்தின் நெஞ்சைப் பிளந்தது: அந்த மிட்சுபிஷியைத் திருவள்ளூரில் இங்கே செய்து கொடுத்தது அம்பாசடர் செய்த அதே இந்துஸ்தான் மோட்டார்ஸ். உதிரிபாக விலையைக் கேட்ட பிறகு பலர் கறுப்பு ஸ்விஃப்டோடு சமாதானமாகப் போனார்கள். தமன்னா எதிலும் ஏறவில்லை.

2023-ல் சொப்பனசுந்தரி பேரிலேயே ஒரு படம் வந்தது. ஐஸ்வர்யா ராஜேஷுக்கு நகைக்கடைக் கூப்பனில் கார் விழும், அதற்காக வீட்டில் அடிதடி. நம் ஊர் ஆடிட்டர்களுக்கு அந்தப் படத்தில் ஒரே குறை. பரிசுக்கு 30 சதவீதம் வருமான வரி. பரிசு பொருளாக இருந்தால் வரியைக் கட்டின பிறகுதான் சாவி. பத்து லட்சம் ரூபாய் காருக்கு மூன்று லட்சம் முன்னால் வைக்க வேண்டும். இந்த ஒரு தகவலை இடைவேளைக்கு முன்பே சொல்லியிருந்தால் பாதிப் படம் மிச்சம்.

கடைசியாக நம் பக்கத்துக் காரே சினிமாவுக்குப் போனது. 2024-ல் ‘கல்கி 2898 ஏடி’ படத்தில் பிரபாஸ் ஓட்டிய புஜ்ஜி, மஹிந்திராவும் கோயமுத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து நிஜமாகவே செய்த வண்டி. கிராபிக்ஸ் இல்லை, ஓடும். எடை 6 டன், 47 கிலோவாட் அவர் பேட்டரி, 94 கிலோவாட் சக்தி. எதிர்காலத்து வண்டி என்று உலகமே வாயைப் பிளந்தது. அவிநாசிக்காரன் பேனாவை எடுத்தான். 94 கிலோவாட் என்றால் சுமார் 128 குதிரை, அதை 6 டன்னுக்குப் பகிர்ந்தால் டன்னுக்கு 21. மாருதி 800-க்கு 37 குதிரை, எடை 650 கிலோ, டன்னுக்கு 57. ஆக 2898-ல் உலகத்தைக் காப்பாற்றப் போகிற வண்டியைவிட, 1983-ல் 47,500 ரூபாய்க்கு வந்த வண்டிக்கு உடம்புக்கேற்ற தெம்பு அதிகம்.

“சக்கரம் எத்தனைங்க?”

“முன்னாடி ரெண்டு. பின்னாடி உருண்டையா ஒண்ணு.”

“மூணு சக்கரம், கரண்ட் வண்டி. அப்ப ஆர்டிஓ ஆபீஸ்ல அது ஆட்டோதானுங்க. கரண்ட் ஆட்டோவுக்கு மானியம் தந்தாங்களே, பிரபாஸ் எழுதிப் போட்டாருங்களா?”